கருகிய செங்கல்லில் ஒரு தார்வீதி

மச்சான்,

இன்று காலை கல்முனைக் கடைத்தெருவில் என் கடைக்கு முன்னால் தார் காய்ச்சினார்கள். புகை வந்ததும் பக்கத்துத் துணிக்கடைக்காரர் கதவைச் சாத்தினார். நான் வெளியே ஓடினேன். நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்னும் நெஞ்சு துள்ளுகிறது.

நீ இங்கே வேலை பார்த்த கடைசி வருடம் வந்த வெள்ளம் நாவிதன்வெளிக்குப் போகும் வீதியை அள்ளிக்கொண்டு போனது. நீதான் அந்த வீதி வேலைகளைப் பார்க்கும் ஓவசியர். பாலங்கள் உடைந்ததால் கருங்கல் சல்லி ஏற்றிய லொறிகள் வரவில்லை. வெள்ளாமை வெட்டுக்கு முன் பாதை திறக்கும் என்று வயற்சொந்தக்காரரான போடிமாரிடம் நீ வாக்குக் கொடுத்திருந்தாய். எனக்கு வேறு துயரம். நான் புதிதாகப் போட்ட சூளையில் தீ அளவுக்கு மிஞ்சி, செங்கல்லெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. சுவர் கட்ட உதவாத குப்பை. என் மனைவி என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஆறுதல் சொல்லத்தான் நீ வந்தாய். ஆனால் வந்ததும் சம்மட்டியை எடுத்து ஒரு கட்டியில் போட்டாய். சம்மட்டி தெறித்தது. சிதறிய துண்டொன்றை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, ஆற அமரத் தேத்தண்ணி குடித்தாய். பிறகு அதை எடுத்து உடைத்துக் காட்டினாய். உள்ளே ஈரமே இல்லை.

"உன்ட சூளை கெடல்ல மச்சான். எனக்குச் சல்லிக்கல் சுட்டுத் தந்திருக்காய்," என்றாய்.

விசர்க்கதை கதைக்காதே என்றேன். ஆனால் உன் கண்ணைப் பார்த்ததும் எனக்கும் பற்றிக்கொண்டது.

அந்தக் கல்லைப் போட நீ அனுமதி கேட்டபோது உன் இஞ்சினியர் மறுக்கவில்லை. முதல் லொறியிலேயே வீதி தாழ்ந்தால் உன் வேலை போய்விடும் என்று மட்டும் சொன்னாராம். அதை நீ வீட்டில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாய், அதுவும் சிரித்துக்கொண்டு.

பிறகு என்ன, கொண்டாட்டம்தான். வயலில் வேலையில்லாதிருந்த பெண்கள் வந்து கல் உடைத்தார்கள். உன் மனைவியும் என் மனைவியும் சேர்ந்து சோறாக்கி அனுப்பினார்கள். உடைத்த கல்லைப் பரப்பி, ரோலர் ஓட்டி, கொதிக்கும் தாரை ஊற்றி மணல் தூவினோம். ஓவசியர் என்றும் பாராமல் நீயே வாளி தூக்கினாய். நான் உடுத்திருந்த சாரனெல்லாம் தார். அதைப் பார்த்த பிறகுதான் என் மனைவி என்னைத் திட்டவாவது வாய் திறந்தாள்.

முதல் நெல் லொறி வந்த அன்று வீதியின் இரு பக்கமும் சனம். மூட்டைகள் கூரைக்கு மேல் நிமிர்ந்து நிற்க, லொறி மெல்ல ஏறியது. பாதித் தூரம் வந்து நின்றுவிட்டது. நீ என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. லொறியின் சில்லு வீதியில் புதைந்துவிட்டது என்றே நினைத்தேன். சாரதி தலையை வெளியே நீட்டினான்.

"ஓவசியர் ஐயா, குலுக்கமே இல்ல. வண்டியிலதான் என்னவோ பிழையெண்டு நிப்பாட்டிப் பார்க்கிறன்."

சனம் சிரித்த சிரிப்பில் வயற்கொக்குகள் கிளம்பின. நீ ஓடிப்போய்ச் சில்லடியில் குந்தி, உள்ளங்கையால் வீதியைத் தடவிப் பார்த்தாய். தழும்புகூட இல்லை. அப்படியே நாமிருவரும் மூட்டைமேல் ஏறிக் கல்முனை வரைக்கும் போனோம். வழியில் கண்டவர்களையெல்லாம் நீ கூப்பிட்டுச் சொன்னாய். அடுத்த கிழமை நிந்தவூரிலிருந்து ஆட்கள் வந்து கருகின கல் இருக்கிறதா என்று கேட்டார்கள். நல்ல கல்தான் இருக்கிறது என்று நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு உனக்குப் பதுளைப் பக்கம் மாற்றம் கிடைத்தது. அங்கே கண்ட காய்ச்சலில் நீ திரும்பி வரவேயில்லை.

போன மாதம் பெருமழையில் என் கடையின் பின்சுவர் சரிந்து, கூரை ஓடுகளெல்லாம் நொறுங்கிவிட்டன. எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓட்டுக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். என் மகள் அதைக் கவனித்துக்கொண்டே நின்றாள்.

"வாப்பா, என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள்.