தொகிமாவைவிடப் புன்ஜிதான் பெரியவன்

திருவனந்தபுரம்

அன்பு மகன் ஷிபினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உன் தங்கை லிபியும் சுகம் என்று எழுதிவிட்டேன், அங்கே கனடாவில் நீ சுகம்தானா என்று தெரியாமல் அடுத்த வரிக்குக் கை போக மாட்டேன் என்கிறது. நீ பத்தாம் வகுப்பில் இருக்கும்போது இரண்டு புத்தகங்களை என் முகத்துக்கு நேரே நீட்டி, அப்பா, தொகிமாவா புன்ஜியா, ஆரு பெரியவன், ஒரு பேரு மட்டும் சொல்லணும் என்று கேட்டாய். படிக்காத பாடத்துக்குப் பதில் சொல்லக் கூடாது, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது படித்துவிட்டேன் மக்களே. கடைசியாக லிபிக்கு அனுப்பினாயே, வேலை போச்சு, ஆரும் விளிக்க வேண்டாம், நான் ஒத்தைக்கு நோக்கிக்கிடுவேன் என்று, அன்றிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன்னோடு பேச வேறு வழி தெரியாமல்தான் உன் அலமாரியைத் திறந்து அந்த ஜப்பான் படக்கதைகளை எடுத்தேன்.

முதல் புத்தகத்தை வழக்கம்போல இடது பக்கத்திலிருந்து தொடங்கினேன். கடலிலிருந்து ஏறி வரும் பூதங்கள், ஊரைச் சுற்றி மதில், அதைக் காக்கிற தொகிமா, புன்ஜி என்று இரண்டு வாலிபர்கள், இவ்வளவுதான் பிடிபட்டது. பேச்சு ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, ஜப்பான்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் போலும் என்று விட்டுவிட்டேன். தொகிமா முதல் பக்கத்திலேயே மதிலடியில் ரத்தத்தோடு கிடந்தான், பிறகு எழுந்து சண்டை போட்டான், பிறகு தன்னந்தனியாக நடந்தான், கடைசியில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சோறு தின்று சிரித்தான். அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நல்ல கதையாக்கும், அடிபட்ட பிள்ளை கடைசியில வயிறு நெறைய தின்னுதே என்று அவளுக்குச் சந்தோஷம். சாயங்காலம் லிபி வந்து எட்டிப் பார்த்து, அய்யோ அப்பா, இது வலத்தே இருந்து வாயிக்கணும், நீங்க அவசானத்தை முதல்ல வாயிச்சிட்டு அம்மைக்குக் கதை பறஞ்சிருக்கிய என்று சிரித்தாள். திருப்பி வாசித்தேன். சோறு முதலில், ரத்தம் கடைசியில். அதற்குப் பிறகு லிபியும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு நாங்கள் இன்னும் சரியான வரிசையைச் சொல்லவில்லை.

உனக்கு எப்போதும் தொகிமாதான், அவன் படம் உன் கதவில் இப்போதும் இருக்கிறது. கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன், வாள்வீச்சில் அவன் பக்கத்தில் புன்ஜி நிற்க முடியாது. புன்ஜியைப் பேடி, அழுமூஞ்சி என்று நீ பரிகாசம் பண்ணுவாய். ஆனால் நாலாம் புத்தகத்தைப் பார். மதில் இரண்டு இடத்தில் உடைகிறது. ஓரிடத்தில் தொகிமா தன் தோளை முட்டுக்கொடுத்து நிற்கிறான், யாரையும் கூப்பிடவில்லை, விலா ஒடிந்ததைக்கூட மேலங்கியால் மூடிக்கொள்கிறான். மற்றோரிடத்தில் புன்ஜி அழுதுகொண்டே தெருவில் ஓடி, மீன்காரி முதல் முடிவெட்டுகிறவர் வரை எல்லாரையும் இழுத்துக்கொண்டு வருகிறான். எந்தப் பக்கம் மதில் நின்றது? தொகிமா சாகாமல் பிழைத்ததும் அந்தக் கூட்டம் அவன் பக்கமும் ஓடி வந்ததால்தானே? கூச்சல் போடுகிறவனை ஊர் பரிகாசம் செய்யும், ஆனால் ஊர் வந்து சேர்வது அவன் கூச்சலுக்குத்தான். வகுப்பிலும் கண்டிருக்கிறேன். கணக்கு தப்பினால் நோட்டோடு என் மேசைக்கு வருகிற பிள்ளை உண்டு, கையால் மறைத்துக்கொள்கிற பிள்ளை உண்டு. மறைக்கிறவன்தான் அநேகமாகக் கெட்டிக்காரன், ஒரே ஒரு வரிதான் தப்பியிருக்கும். அவன் கையை எடுக்காவிட்டால் அதை நான் எப்படிக் காட்டுவேன்? வேலை போனது அப்படி ஒரு வரி, அவ்வளவுதான்.

அம்மா தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற பையன்களை எல்லாம் நின்று பார்க்கிறாள். கனடாவிலிருந்து பஸ்ஸிலா வருவான் என்றேன், நீங்க வாய மூடுங்க என்றுவிட்டாள். கழக்கூட்டம் ஆபீசில் உன்னோடு வேலை பார்த்த அனூப், உனக்கு அந்த அறையைப் பிடித்துத் தந்த கிரிஷிடம் விசாரித்துக்கொண்டே இருக்கிறான். கீழ்வீட்டுக்காரனான கிரிஷ் வந்து தட்டினால், ஒன்றும் வேண்டாம் என்று உள்ளேயிருந்தே சொல்கிறாயாம். மற்றபடி மேலே நீ நடக்கிற சத்தம்தான் அவனுக்குக் கேட்குமாம். காலையில் எழுந்ததும் அம்மா அனூப்பைக் கூப்பிட்டுக் கேட்பது, மக்கா, அவன் இன்னைக்கு நடந்தானா என்றுதான். அதற்கு மேல் உன்னைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது ஷிபின். கடிதம் வந்து சேர எத்தனை நாளாகுமோ, அதுவரைக்கும் நடந்துகொண்டே இரு. நீ ஊருக்கு வந்தாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி, யாரும் காரணம் கேட்க மாட்டோம்.

ஆண்டவர் அந்த அறைக்குள்ளும் உன் கூடவே இருப்பாராக. வெறும் வயிற்றோடு படுக்காதே, அம்மா கொடுத்துவிட்ட கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். தொகிமாதான் பெரியவன் என்று இன்னும் தோன்றினால் பரவாயில்லை, பிறகு சண்டை போடலாம். ஒரே ஒரு தடவை புன்ஜி செய்ததைச் செய்து பார். படியிறங்கிப் போய்க் கிரிஷின் கதவைத் தட்டி, எனக்கு முடியவில்லை என்று சொல்.

உன் அப்பா
ஞானசிகாமணி