எல்லாவற்றிலும் ஒட்டும் புரதம்

மார்ச் 4
பத்திரிகையில் எங்கள் ஆய்வகப் பேராசிரியர் படம். கையில் சோதனைத் தட்டு, தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கீழே: "கணினி வரைந்த புரதம் சிறுநீரக நோயை முன்கூட்டியே காட்டும்." அந்தப் புரதத்தை நான் இன்னும் ஒரு முறைகூட முழுதாகச் சோதிக்கவில்லை. எல்லாரும் வரிசையில் போய் வாழ்த்தினார்கள். நானும் போனேன்.

மார்ச் 9
தட்டின் முதல் வரிசையில் நோய்ப் பெப்டைடு, அதாவது நோய் வந்தால் ரத்தத்தில் தெரியும் புரதத் துண்டு. இரண்டாவதில் அதே அமினோ அமிலங்களைக் குலுக்கிப் போட்ட போலி. மூன்றாவதில் வெறும் பால் புரதம். நம் புரதத்தை ஊற்றி, கழுவி, நிறம் வரக் காத்திருந்தேன். ஒட்டினால் மஞ்சள். முதல் வரிசை மஞ்சள். இரண்டாவது மஞ்சள். மூன்றாவதும்!

கணினி அண்ணனிடம் போனேன். புரதத்தைத் திரையில் வரைந்தவர் அவர்தான். சொட்டு அளக்கும் பைப்பெட்டைத் தொட்டதே இல்லை.

"ஸ்கோர் பிரமாதமா இருந்துச்சே! ரெண்டாயிரம் டிசைன்ல முதல் ரேங்க்."

"எதுல ஒட்டணும்னு கம்ப்யூட்டருக்குச் சொன்னீங்க. எதுல ஒட்டக்கூடாதுன்னு சொன்னீங்களாண்ணா?"

திரையில் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார்.

"அதை யாரும் கேக்கலையே."

மார்ச் 10
அம்மா போனில்: "அப்படி என்னதான்டி பண்றீங்க அங்க?"

"நோய் ஆரம்பிச்சா ரத்தத்துல ஒரு குட்டிப் புரதத் துண்டு வரும்மா. பெப்டைடுன்னு பேரு. அதை மட்டும் பிடிச்சுக்கற மாதிரி புதுசா ஒரு புரதம் வரையறாங்க. நிஜமாவே பிடிக்குதான்னு பாக்கறது நான்."

"பிடிக்குதா?"

"எல்லாத்தையும் பிடிக்குது."

"உங்க சித்தப்பா மாதிரின்னு சொல்லு. எந்தக் கட்சி மேடைன்னாலும் ஏறிடுவார்."

மார்ச் 12
பேராசிரியர் அறை.

"முதல் வரிசை மஞ்சளா இருக்கா?"

"இருக்கு சார். மத்ததும் மஞ்சள்தான் சார்."

"மத்ததை அறிக்கைப் படத்துல போடாதம்மா. பாக்கறவங்களுக்குக் குழப்பம்."

பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டே, "உன் கான்ட்ராக்ட் ஏப்ரல்ல முடியுதில்ல?" என்றார். விசாரிப்பது மாதிரிதான் கேட்டார்.

மார்ச் 13
படத்தை வெட்டவில்லை. வெட்டினால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்கிறேன். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் இருநூறு பேருக்கு எங்கள் புரதம் தடவிய காகிதப் பட்டையால் சோதனை. ஒரு சொட்டு ரத்தம். நீலக்கோடு வந்தால் நோய். எங்கள் புரதமோ எதிலும் ஒட்டும். ஆக, இருநூறு பேருக்கும் நீலக்கோடு. பஸ் ஓட்டுகிறவர், துணி தைக்கிறவர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவள் — அரைநாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று, இல்லாத நோயைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் அறிக்கையில் அதற்குப் பெயர் "நூறு சதவீதக் கண்டறிதல்".

மார்ச் 17
ஒப்பந்தம் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 20
நிதி தருகிறவர்கள் வந்தார்கள். நான்கு பேர், நான்கு கோட்டு. பட்டை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். நோயாளியின் ரத்தம் தயாராக இருந்தது. "நோயில்லாத ரத்தமும் ஒண்ணு வேணும் சார்" என்றேன், எல்லார் முன்பாகவும். வேண்டுமென்றேதான். கோட்டு போட்ட அம்மாள் ஒருவர், "ஆமா, அதையும் பாத்துடலாமே" என்றார்.

பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டு விரலை நீட்டினார். "என்னோடதை எடு. போன மாசம்தான் ஃபுல் செக்கப். குதிரை மாதிரி இருக்கேன்."

நான்தான் குத்தினேன். மூன்று நிமிடம். நீலக்கோடு. நோயாளியுடையதைவிடத் தடிமனாக.

அவர் முகம் — பொய் எழுத மாட்டேன், பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "இது... நிஜமா இருக்குமா?" குத்திய விரலை மறு கையால் பொத்திக்கொண்டார். சுகமெல்லாம் போய்விட்டது. அந்த இருநூறு பேரும் இப்படித்தானே கேட்டிருப்பார்கள்? யாரைக் கேட்டிருப்பார்கள்?

"உங்களுக்கு ஒண்ணுமில்ல சார். பட்டைதான் தப்பு."

"நிச்சயமா?"

"மூணு வரிசையும் மஞ்சள்னு சொன்னேனே சார்."

மார்ச் 21
பேராசிரியர் விடுப்பு. ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறாராம். இரண்டு ஆஸ்பத்திரியில்.

மார்ச் 24
இருநூறு பேர் சோதனை நிறுத்தம். அப்பாடா.

கூட்டத்தில் பேராசிரியர்: "எதுல ஒட்டக்கூடாதுங்கறதுதான் முதல் கேள்வி. இதை நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டிருக்கேன்." எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வராமலேயே தெரிந்துவிட்டது. வந்ததாக நினைத்ததே போதும்.

ஏப்ரல் 2
கணினி அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முதல் தடவை. "எதுல எல்லாம் ஒட்டக்கூடாது, லிஸ்ட் சொல்லும்மா." ரத்தத்தில் இருக்கும் பதினான்கு புரதங்களைச் சொன்னேன். ஏற்றினார்.

மாலையில் வந்து, "இப்ப ஸ்கோர் எல்லாம் கேவலமா வருது" என்றார்.

"வரட்டும்ணா."

மே 6
பன்னிரண்டு புதுப் புரதங்கள். பதினொன்று உருப்படவில்லை. ஒன்பதாம் எண் — நோய்ப் பெப்டைடு வரிசை மஞ்சள். போலி வரிசை தண்ணீர் மாதிரி. பால் புரதம், நோயில்லாத பத்துப் பேரின் ரத்தம், எல்லாம் தண்ணீர். திரும்பச் செய்தேன். அதேதான்.

பக்கத்தில் குடுவை கழுவும் அக்கா மட்டும்தான் இருந்தார். அவரிடமே காட்டினேன்.

"ஒரு வரிசைதான் கலர் வந்திருக்கு. மத்தது கெட்டுப்போச்சா பாப்பா?"

"மத்ததுல வராம இருக்கறதுதான்க்கா இத்தனை நாள் வேலை."

"அப்ப உன்னை நிரந்தரம் பண்ணிடுவாங்க."

என் ஒப்பந்தம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. புதுப்பிக்கும் தாள் யாருடைய கையெழுத்துக்கோ காத்திருக்கிறதாம். கதவு அட்டை மட்டும் இன்னும் திறக்கிறது. அதை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் முறையும் செய்து பார்த்தால்தான் நம்பலாம். நாளை எட்டரைக்கே போய்விட வேண்டும்.