நாலாவது ஆள்

செவ்வாய் இரவு, கொடைக்கானல் லாட்ஜ்.

குடும்பங்களின் வாழ்க்கைநிலை ஆய்வுக்காக இன்று கவுஞ்சி கிராமத்துக்குப் போயிருந்தேன். "ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க எத்தனை பேரு, அக்கா?" என்று கேட்டேன். "நாலு பேரு" என்றார் பேச்சியம்மாள் அக்கா. வீட்டில் இருப்பது மூன்று பேர். மகள் கொடைக்கானலில் சாக்லேட் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷமாக ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா சேக்கக் கூடாதுக்கா" என்று சொல்லி, படிவத்தில் மூன்று என்று போட்டேன்.

அதற்குள் பஸ் ஹார்ன் கேட்டது. அக்கா மஞ்சள் மூடி போட்ட தூக்குவாளியோடு ஓடினார். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

"தெனமும் இந்த அடுப்புச் சோறுதாங்க அவளுக்குப் போகுது. இப்ப எழுதுங்க."

விதி விதிதான். நான் மாற்றவில்லை.

சாயங்காலம் அதே பஸ்ஸில் கொடைக்கானல் வந்து இறங்கினேன். மஞ்சள் மூடித் தூக்குவாளியைக் கழுவி, கண்டக்டரிடம் திருப்பிக் கொடுக்க ஒரு பெண் நின்றாள். பேச்சியம்மாள் அக்கா மகளா என்று கேட்டு, கணக்கெடுக்கப் போனதைச் சொன்னேன்.

"என்னையும் சேத்து நாலுன்னு சொல்லியிருக்குமே அம்மா?" என்று சிரித்தாள்.

"ஆமா, நாலுன்னுதான் சொன்னாங்க."

நான் எத்தனை எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை.