வண்டி மேல் இல்லாத ஆரஞ்சுத் துணி

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி பிழைத்துக்கொண்டான், நேற்று ராணுவ மருத்துவமனையில் என் கண்ணாலேயே பார்த்தேன், இடது கையில் கட்டு, அறை வாசலில் காவல். காயம்பட்டவர்களை ஏற்றிவந்த அவர்கள் வண்டியைத் தாக்கியது எதிரி இல்லை, நம்மோடு சேர்ந்து போரிடும் நட்பு நாட்டின் விமானம்தான் என்று இன்று காலை ராணுவத் தலைமையகமே ஒப்புக்கொண்டது.

பழி யார் மேல் என்பதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம். நம் வண்டி என்று வானத்திலிருந்து தெரிவதற்காகக் கூரையில் ஆரஞ்சுத் துணி கட்டியிருப்பார்கள். அன்று அது இல்லை. வண்டியில் ஏற்றியிருந்த அடிபட்ட சிப்பாய் ஒருவன் குளிரில் நடுங்கியிருக்கிறான், போர்வையெல்லாம் மழையில் நனைந்துபோயிருந்ததாம், துணியை அவிழ்த்து அவனுக்குப் போர்த்தியது உன் தம்பி. அவிழ்க்கச் சொன்னது கூட இருந்த அவனுடைய கேப்டன். "கொஞ்ச நேரம்தான்டா, ஒண்ணும் ஆகாது" என்றாராம். விமானம் தாக்கியதில் அவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நானாகத்தான் அவிழ்த்தேன் என்று விசாரணையில் சொல்லப்போகிறானாம் இவன், "செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமாப்பா" என்கிறான், உண்மையை வெளியே விடக்கூடாதென என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான். அப்படிச் சொன்னால் ஜெயில்தான். உனக்குச் சொல்வது வெளியே விடுவதாகாது, அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கேப்டனின் மனைவி தினமும் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், கடைசியாக அவர் என்ன பேசினார் என்று உங்கள் பையனிடம் கேட்டீர்களா என்கிறாள். அம்மா மடித்த துணியையே மறுபடி மடிக்கிறாள். அவள் போனதும் அம்மா என்மேல் பாய்கிறாள், "எம் புள்ள உள்ள போகணுமா, இல்ல இந்தப் பொண்ணு மூஞ்சில நான் முழிக்க முடியாம போகணுமா, நீங்களே சொல்லுங்க" என்று. வெளியே கால் வைக்கவும் வழியில்லை, வாசல் கேட் அருகே பத்திரிகைக்காரர்கள், பாதிப்பேர் என்னிடம் வேலை பழகியவர்கள். "ஒரே ஒரு வரி சார், விடாம கேக்கணும்னு நீங்க சொல்லிக்குடுத்ததுதானே" என்கிறான் ஒருவன். பால் வாங்கிக்கொண்டு வந்தால் இரண்டு வரியாகத் தருகிறேன் என்று சன்னல் வழியாகச் சொன்னாள் அம்மா. வாங்கி வந்தான், ஒரு வரியும் கிடைக்கவில்லை.

போனில் எங்களிடம் வானிலையும் சாப்பாடும் மட்டும் பேசு. மாப்பிள்ளையிடம் சொல், கோபத்தில் எங்கேயும் எதுவும் எழுதிப் போட்டுவிட வேண்டாம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஒருவர் வாயால் மட்டும் கேட்டதை நான் செய்தியாக எழுதியதில்லை. இதில் இரண்டாவது வாய், அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த சிப்பாய். கேப்டன் சொன்னபோது அவனுக்கு நினைவு இருந்தது என்கிறான் உன் தம்பி. இப்போது அந்தச் சிப்பாயின் தொண்டையில் குழாய், பேச முடியாது. அவன் பேச வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வேண்டாம் என்றா, அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு. வியாழக்கிழமை குழாயை எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமை விசாரணை.

உன் அப்பா