நித்திரையில் இருந்த தெரு

அக்கா,

மகளின் பள்ளி விழாவுக்கென்று இன்று டின்மீன் ரோல்ஸ் பொரித்தேன். வெங்காயமும் மிளகும் மணக்கத் தொடங்கியதும் கரண்டியை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். நீங்கள் போனபிறகு இந்தப் பண்டத்துக்கு எண்ணெய் வைத்தது இதுதான் முதல்முறை.

பேர்லினுக்கு வெளியே அந்தச் சிறு நகரத்தில், ஹைம் என்கிற ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் நாங்கள் அகதிகளாக இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹைமை மூடச் சொல்லி ஊரில் பலர் முறுமுறுத்தபோது, மூடமாட்டேன் என்று நின்றவர் மேயர். அதற்காகவே கையெழுத்துச் சேர்த்து, தவணை முடியுமுன் அவரைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். அவர் போனால் எங்களைக் காட்டுக்குள் இருந்த பழைய இராணுவ முகாமுக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே பஸ் போகாது, டொக்டர் கிடையாது. உங்கள் சின்னவனுக்கோ மூச்சிழுப்பு.

எங்களுக்கு வாக்கு இல்லை. அதற்காகக் கைகட்டி இருக்கிற ஆளா நீங்கள்?

"எங்கட ஊரில எலக்சன் எண்டால் வீடு வீடாப் போறதுதானே. வெறுங்கையோட போகேலாது, ரோல்ஸ் பொரிப்பம்."

"அக்கா, இவை தேர்மின் குடுத்து நேரம் குறிக்காமல் கதவு திறக்கமாட்டினம்."

"மணத்துக்குத் திறப்பினம். நீர் வாரும்."

திறந்தார்கள். ரயில் பாதையோரத் தெருவில் ஒரு வீடு விடவில்லை. ஞாயிறு, வாக்கு, தயவுசெய்து என்ற மூன்று ஜெர்மன் சொற்களையே மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். வாக்குப் போடுவதையே விட்டுவிட்டவர்கள்கூட உங்கள் முகத்துக்காகத் தலையாட்டினார்கள். ஞாயிறன்று அந்தத் தெருவே கோட்டு மாட்டிக்கொண்டு போனதை சன்னலில் நின்று பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டீர்கள்.

மேயர் மயிரிழையில் தோற்றார்.

ஹைமுக்கு ஜெர்மன் படிப்பிக்க வந்த பெண்தான் விதியைச் சொன்னாள். அவரை நீக்கச் சொல்லும் வாக்குகள் மற்றவற்றைவிடக் கூடினால் மட்டும் போதாதாம். ஊரின் மொத்த வாக்காளரில் கால்வாசிப் பேராவது அப்படிப் போட்டிருக்க வேண்டுமாம். அந்தக் கால்வாசி மட்டுமட்டாகத்தான் நிரம்பியதாம். ஆக, வாக்குப் போடாமல் வீட்டில் படுத்துக்கிடந்தவர்கள்தான் தங்களுக்கே தெரியாமல் மேயரைக் காத்துக்கொண்டிருந்தவர்கள். நாங்கள் போய் எழுப்பிவிட்டோம்.

"நித்திரை கொண்ட சனத்தை நான் ஏன் எழுப்பினனான்?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்டீர்கள். அவர்கள் எந்தப் பக்கம் போட்டார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் உங்களைத் தின்றது. அடுப்புப் பக்கமே நீங்கள் போகவில்லை.

மேயர் விடைபெற வந்தபோது அந்தப் பெண்ணை மொழிபெயர்க்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டீர்கள். "அந்தத் தெருவுக்கு நான் ஒருநாளும் போனதில்லை, நீங்கள் போயிருக்கிறீர்கள்" என்றார் அவர்.

"அது சரி, இப்ப உங்களுக்கு வேலை?" என்று கேட்டீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

குளிர் தொடங்குமுன் எங்களை முகாமுக்கு மாற்றினார்கள். ஒரு காலை சின்னவனுக்கு இழுப்புக் கண்டதும், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் நடந்தது அதே தெருவுக்கு. உங்கள் ரோல்ஸ் தின்ற கிழவர் ஒருவர், வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் காரை எடுத்தார். டொக்டரிடம் சேர்க்கும்வரை வழிநெடுக அந்த மேயரைத் திட்டிக்கொண்டே ஓட்டினாராம்.

"அப்ப அவர் எதிராத்தான் போட்டிருக்கிறார். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று நான் கொதித்தேன்.

"ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு வந்தன். மேயர் நல்ல மனிசன்தான். இவரும் கெட்டவர் இல்லைப் பிள்ளை."

அன்று உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தீரப் பல வருடங்கள் பிடித்தன.

இப்போது எனக்கு இங்கே வாக்கு இருக்கிறது. தேர்தல் வந்தால் நானும் படியேறுகிறேன், எந்தப் பக்கம் என்று தெரியாத வீடுகளுக்கும். முன்பின் அறியாத கதவைத் தட்டிவிட்டு, நீங்கள் நிற்கிறீர்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன் அக்கா. அதற்குள் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.