பாயின்ட் டூ டூவுக்காக வாதாடியவருக்கு

துபாய் சத்வாவில் பழைய கோட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். இடுப்பு பெருத்துவிட்டது என்று சொல்ல மனமில்லாமல் தையல்காரர், "கோட்டு கொஞ்சம் சுருங்கியிருக்கு சார்" என்றார். உள்பையை அவர் உதறியபோது ஒரு சின்னப் பித்தளைக் குழல் மேசையில் உருண்டது. பேரீச்சங்கொட்டையைவிடச் சிறியது. "லிப்ஸ்டிக் மூடியா சார்?" என்றார், குரலைத் தாழ்த்தி. பாயின்ட் டூ டூ ரைபிளின் வெடித்து முடிந்த தோட்டாக்கூடு என்று உண்மையைச் சொன்னால் மனிதர் போலீஸைக் கூப்பிடுவார். ஆமாம் என்று தலையாட்டினேன். இந்நேரம் என் ஒழுக்கத்தைப் பற்றி சத்வாவில் ஒரு கதை கிளம்பியிருக்கும். நீர் இருந்திருந்தால் இன்னும் நாலு வரி சேர்த்து ஷார்ஜா வரைக்கும் கொண்டுபோயிருப்பீர்.

நீர் கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது ஓய். உம்மைப் பற்றி யாரிடமாவது பேசலாம் என்றால், எடுத்தவுடன் துப்பாக்கியில் தொடங்க வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்கிறார்கள். அதனால்தான் உமக்கே எழுதுகிறேன்.

புஜைராவுக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் வரவேற்பு மேசை, நீர் சுடுதளப் பொறுப்பு. நீர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். நான் பொருட்காட்சியில் பலூன் சுட்டவன். அதிலும் பலூன்கள் பத்திரமாகவே இருந்தன. ஒருநாள் நீர் வற்புறுத்தி என்னைச் சுட வைத்தபோது, என் குண்டு பக்கத்து ஆளின் அட்டையில் போய் நடுவில் பாய்ந்தது. "பரவாயில்லவே, அடுத்தவன முன்னேத்தி விடுத மனசு யாருக்கு வரும்" என்றீர். அன்றுதான் அந்தக் கூட்டைக் கீழேயிருந்து பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இவ்வளவு அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் உம்மோடு தினமும் மதியச் சாப்பாட்டில் வாதாடினேன். லைசென்ஸ் எடுத்து வீட்டுக்குத் துப்பாக்கி வாங்கும் சாதாரண ஜனங்களுக்கு எது பிடித்த ரகம்? சின்னக் குண்டு போடும் பாயின்ட் டூ டூ என்பது உம் கட்சி. விரல் நீளத் தோட்டா, மலையே அதிரும் சத்தம், த்ரீ நாட் எய்ட் என்பது என் கட்சி. தோற்றவன் கரக் டீ வாங்கி வர வேண்டும்.

"மேசைக்கு வாரவன் பூரா த்ரீ நாட் எய்ட்டதான்வே கேக்கான்" என்பேன்.

"கேப்பான். கல்யாண வீட்டுப் பிரியாணியப் பத்தி வருசம் பூரா பேசுவான், வீட்டுல போயி ரசஞ்சோறுதான் திங்கான். பொஞ்சாதி சுடணும், பிள்ளைக சுடணும், தோள்பட்டை வீங்கப்படாது. எது வாங்குவான், நீரே சொல்லும்."

பேச்சை மாற்றி, சாம்பாரில் உப்பில்லை என்பேன். டீ மட்டும் போய் வாங்கி வருவேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிளப் முதலாளி, நம் அர்பாப், இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கூரை போட்ட புதுத் தளம் ஒன்று கட்டப்போகிறார். சின்ன ரகத்துக்கா பெரிய ரகத்துக்கா என்று அவருக்குக் குழப்பம். "பப்ளிக் கோ கியா மங்தா?" என்று, ஜனங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு மேடை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் இல்லை. இந்தி, இங்கிலீஷ், இரண்டு கைகள் எல்லாவற்றாலும் த்ரீ நாட் எய்ட்டுக்காக முழங்கினேன். உம் முறை வந்தது. நீர் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு, "அவரு சொல்றது டீக் ஹை அர்பாப்" என்றீர். அவ்வளவுதான்.

நான் ஜெயித்த ஒரே நாள். அன்று நாம் தங்கியிருந்த கேம்ப் முழுக்க நடந்து நடந்து சொன்னேன். சமையல்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் தளத்தில் இடதுபக்கம் வந்து உம்மைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோற்ற கோபம் என்று நினைத்து இன்னும் கிட்ட வந்து கூப்பிட்டேன். அதற்கும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டீர். காரில் போகும்போதுதான் சொன்னீர். இடது காது பட்டாளத்திலேயே போய்விட்டது. வலது பாதி இருக்கிறது. கூரைக்கடியில் பெரிய ரகத்தின் சத்தத்தில் நின்றால், என்னதான் காதை மூடினாலும் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அர்பாப்கிட்ட சொல்ல வேண்டியதுதானவே?"

"சொன்னா மெடிக்கலுக்கு அனுப்புவாரு. அப்புறம் வேலை கலாஸ்."

"போன மெடிக்கல்ல எப்படிவே பாசானீரு?"

"காதுல சத்தம் விட அந்த நர்சம்மா பட்டன அமுக்கும்போது தோளு லேசா ஏறும். கண்ணாடில பாத்துக்கிட்டே கைய தூக்குனேன்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மத்ததெல்லாம் சொல்லாட்டி போவுது. ரசஞ்சோறு, தோள்பட்டை, அதையாவது பேசியிருக்கலாம்லா? அது உண்மைதான?"

"உண்மைதான். ஆனா அது என் காதுக்காகப் பேசுத பேச்சா ஆயிருமே. லாபம் வச்சுக்கிட்டு பேசுனா அது வாதம் இல்லவே."

இப்படி ஒரு மடத்தனத்தை உம்மிடம்தான் பார்த்தேன். வயிற்றுப் பிழைப்பு போகிறது, மனிதர் சாப்பாட்டு மேசை விவாதத்துக்குக் கற்பு பார்க்கிறார்.

மறுநாள் நானே அர்பாப் அறைக்குப் போனேன். உம் வாதங்கள் அத்தனையையும் திருடிக்கொண்டு போனேன். தினமும் கேட்டதில் எனக்கு மனப்பாடம். அவரை உறுப்பினர்களின் அலமாரிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தேன். ஊரெல்லாம் பெரிய ரகத்தைப் பற்றிப் பேசியவர்கள் உள்ளே பூட்டி வைத்திருந்தது அநேகமாகப் பாயின்ட் டூ டூதான். சாவி என் இடுப்பில் இருந்தும் நான் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் தோற்றுப்போவேன் என்று உள்ளுக்குள் தெரியும்.

"முந்தாநாள் வேற சொன்ன?" என்றார் அர்பாப்.

"முந்தாநாள் அலமாரி பாக்காம பேசிட்டேன் அர்பாப்."

அலமாரிக் கதவை அவரே சாத்தினார். புதுத் தளம் சின்ன ரகத்துக்கே ஆனது. எனக்கு 'அபு லிசானைன்' என்று பெயர் விழுந்தது, இரண்டு நாக்குக்காரன். கிளப்பை விட்டு வரும்வரை டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பேன். என்னை எதற்காக அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நீர் கேட்கவில்லை. அர்பாப் முடிவு சொன்ன அன்று மதியம் டீயை மட்டும் நீர் வாங்கி வந்தீர்.

ஆறு வருஷம் கழித்து, நீராக நாள் குறித்து, வலது காதோடு ஊருக்குப் போனீர். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் போன் செய்தீர். "இப்ப எனக்கு ஒரு லாபமும் கிடையாதுவே. இனி பேசலாமா?" என்று கேட்டுவிட்டு, பாயின்ட் டூ டூவைப் பற்றி நாற்பது நிமிஷம் என்னைப் போட்டு வெளுத்தீர். அதைவிட நல்ல உதை நான் வாங்கியதில்லை.

உம்மிடமிருந்து எனக்கு ஒரு தொந்தரவு ஒட்டிக்கொண்டது. இப்போது வாதத்தில் நான் ஜெயித்தால் நிம்மதியாக ஜெயிக்க முடிவதில்லை. போன வாரம் ஆபீஸில் லீவுப் பட்டியலுக்காக எங்கள் பெஷாவர் டிரைவர் என்னோடு மல்லுக்கு நின்றார். நன்றாகத்தான் சண்டை போட்டார். திடீரென்று, "டீக் ஹை பாய், ஆப் சஹி ஹோ" என்று, நான் சொன்னதே சரி என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். அந்தக் குரல் எனக்குத் தெரியும், அர்பாப் அறையில் உம்மிடம் கேட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பைட்டோ பாய்," என்றேன். "மிச்சத்தையும் சொல்லும்."