வாப்பாட தோணிக்கு என்ட குரல்

வெள்ளி, இஷாவுக்குப் பொறகு.

நான் எழுதுற புளொக் புது வேர்ஷனுக்கு மாறியிரிக்கி. எழுதினத்த அதுவே வாசிக்குமாம். வாப்பாட தோணி கடலில அள்ளுண்டு போன கதையக் குடுத்துப் பாத்தன்.

"ஜனாஸா அறிவித்தல் மாதிரி இரிக்கிடா. வாப்பா இன்னும் மவுத்தாகல்ல!" எண்டு அது வாசிச்சதக் கேட்டு ராத்தா விழுந்து விழுந்து சிரிச்சா.

நம்மட குரலப் பதியவும் புதுசா ஒரு பட்டன் இரிக்கி. நானே வாசிச்சுப் பதிஞ்சு, சத்தமாப் போட்டுக் கேட்டன்.

நான் படிப்ப உட்டத்திலரிந்து வாப்பா என்னோட கதைக்கிறல்ல. இண்டைக்கு வாசலில நிண்டு கேட்டுட்டு உள்ளுக்கு வந்தார்.

"அது வாடைக்காத்து இல்ல மனே, கச்சான், தரையிலரிந்து அடிக்கிற காத்து. வாடை எண்டா தோணியக் கரைக்குத் தானே தள்ளும்?"

பிழைதான். உடனே திருத்தி வாசிச்சிட்டன். ஆனா பிழை பிடிச்ச மனிசன் கடைசி வரைக்கும் கேட்டிருக்கார். மனே எண்டும் சொல்லிட்டார்.